விருந்துக்கு வந்த மலை

பவுனுத்தாயி அந்த மலையை வீட்டுக்குக் கூப்பிட்டது வெறும் மரியாதைக்குத்தான். ஓர் இடத்துக்குப் போனோம், நல்லபடியாக இருந்தோம், கிளம்பும்போது 'நீங்களும் ஒரு நாள் நம்ம வீட்டுக்கு வாங்க' என்று சொல்லாமல் செருப்பை மாட்டுகிற ஆள் அவள் இல்லை. அப்படிச் சொல்லத் தெரியாதவர்களை அவளுக்குப் பிடிக்கவும் பிடிக்காது. சொன்னால் உடனே மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடவா போகிறார்கள். இந்த ஐம்பத்து நாலு வயதுக்குள் அவள் கூப்பிட்டு வராதவர்களை வரிசையாக நிற்கச் சொன்னால், வரிசை கீழச்செவலூர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி ரயில்வே கேட் வரைக்கும் போகும்.

அவள் வீட்டுக்காரர் சீனிச்சாமி, அரசு ஆஸ்பத்திரியில் பிணவறை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிணற்றில் விழுந்தவர்கள், மருந்து குடித்தவர்கள், லாரியில் அடிபட்டவர்கள் என்று ஊரில் பாதிப் பேருடைய சொந்தங்களை அறுத்து, தைத்து, முகம் துடைத்து, தலை வாரி, பெற்றவள் பார்த்தால் தாங்குகிற மாதிரி ஆக்கிக் கொடுத்தது அவருடைய கைதான். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவர்கள் எத்தனையோ பேர் உண்டு, அந்தக் கை புழங்குகிற வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்தவர்கள் ஒருவரும் கிடையாது. ஓடைத் தெருவில் அவர்கள் வீட்டை விட்டால் இருபத்தேழு வீடு. இருபத்தேழு வீட்டிலும் 'வர மாட்டோம்' என்று ஒருத்தர்கூடச் சொன்னதில்லை, அப்படிச் சொல்வார்களா, மரியாதை என்ன ஆகிறது. 'வர்றோம் வர்றோம், நீ முன்னால போ' என்று சிரித்த முகமாகச் சொல்லி அனுப்புவார்கள். வீடு குடிபுகுந்த அன்று எழுபது பேருக்குச் சமைத்து வைத்துவிட்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள் புருஷனும் பெண்டாட்டியும். பிள்ளை குட்டியும் இல்லாத வீடு. மறுநாள் அவ்வளவு சோற்றையும் இரண்டு பேருமாக மாட்டுத் தொட்டியில் கொட்டினார்கள்.

சரி, மலைக்கு வருவோம். மகளிர் குழுவில் மஞ்சக்கோம்பைக்கு ஒரு நாள் சுற்றுலா போனார்கள். வேனில் பவுனுத்தாயிக்குக் கடைசி சீட்டு. பக்கத்தில் புளிசாத அண்டாவை வைத்து, அது சாயாமல் பிடித்துக்கொள் என்றார்கள், அவளும் பிடித்துக்கொண்டாள். முப்பது கொண்டை ஊசி வளைவு ஏறினால் மஞ்சக்கோம்பை. கீழே வெயில் தாங்காத வெள்ளைக்காரர்கள் நூற்றெண்பது வருஷத்துக்கு முன்னால் குதிரையிலும் டோலியிலும் ஏறி வந்து கட்டிய ஊர். அவர்கள் போன பிறகும் கல்கட்டடங்களெல்லாம் யாரையும் கேட்காமல் நின்றுகொண்டே இருந்தன. கருங்கல் கிறிஸ்தவக் கோயிலில் வெடித்த மணி ஒன்று தொங்கியது. குதிரை லாயத்தில் ரேஷன் கடை நடந்தது. கோர்ட்டாக இருந்த கட்டடத்தில், புகைபோக்கிக்குக் கீழே, ஒருவர் யூக்கலிப்டஸ் தைலம் விற்றார். மற்றவர்கள் ஏரியில் படகு விடப் போனபோது பவுனுத்தாயி கோயிலுக்குப் பின்னாலிருந்த கல்லறைத் தோட்டத்தில் நின்றாள். கல்லில் வெட்டியிருந்த எண்ணையெல்லாம் கழித்துப் பார்த்தால் ஒரு வயது, மூன்று வயது, எட்டு மாதம் என்று வந்தது, காய்ச்சலில் போன குழந்தைகள், இதுகளுக்கும் எவனோ ஒருத்தன் முகம் துடைத்துவிட்டிருப்பான், அவன் வீட்டில் எவன் சாப்பிட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு ஊருக்கு வெளியே போனார்கள். சரிவு முழுக்கப் படிப்படியாகப் பூண்டும் கேரட்டும் பச்சைப் பட்டாணியும். பேரிக்காய் மரங்கள் காயைத் தூக்க முடியாமல் சாலைக்கு மேலே சாய்ந்து கிடந்தன. மேகம் ஒன்று வேனின் ஜன்னல் வழியாக ஏறி, அண்டாவின் மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, அந்தப் பக்கம் இறங்கிப் போனது. கடைசியாகக் காட்சிமுனை. இரும்புக் கம்பி போட்டு அடைத்த பாறையின் விளிம்பில் நின்றால் எதிரே இரண்டு மலை. உயரமானவள் பெரியவள், அவளை ஒட்டிப் புல் போர்த்தி, இடுப்பு மடிப்பில் ஒரு துண்டுக் காட்டை வைத்துக்கொண்டு நிற்பவள் சின்னவள். சின்னவள் மடியில் இருக்கிற ஊற்றுதான் மஞ்சக்கோம்பை மொத்தத்துக்கும் குடிதண்ணீர் என்று டீக்கடைக்காரர் சொன்னார். முந்தி வெள்ளைக்காரர்கள் மலைகளை அளந்து வரைபடம் வரைய வந்தபோது மூன்று தடவையும் பெரியவள் போட்ட இடத்தில் இருந்தாளாம், சின்னவள் மட்டும் கொஞ்சம் தள்ளித் தள்ளி நின்றாளாம், கடைசியில் அவளைப் பென்சிலால் மட்டும் வரைந்து வைத்துவிட்டுப் போனார்களாம். குழுவில் எல்லோரும் மலைக்கு முதுகைக் காட்டி நின்று செல்போனில் படம் எடுத்தார்கள். சாப்பாட்டு நேரம் வட்டமாக உட்கார்ந்தார்கள், வட்டத்தில் பவுனுத்தாயிக்கு இடம் பற்றவில்லை, அவள் தட்டை எடுத்துக்கொண்டு கம்பியோரம் போய்ச் சின்னவளைப் பார்த்தபடி சாப்பிட்டாள். கூட ஒரு ஆள் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி இருந்தது. ரொம்ப வருஷத்துக்குப் பிறகு அப்படி இருந்தது. அதனால் வேன் ஹாரன் அடித்ததும் கையைக் கழுவிக்கொண்டு, மரியாதையை விடாமல், மலையைப் பார்த்துச் சொன்னாள்.

"நல்லா இருந்துச்சுத்தா. நீயும் ஒரு நாள் நம்ம வீட்டுக்கு வா. கீழச்செவலூரு, ஓடைத் தெரு, கடைசி வீடு."

மூன்றாம் நாள் விடிகாலை வாசல் தெளிக்க வாளியோடு வந்தவள், வீட்டுக்குப் பின்னால் சீமைக்கருவேலங்காடு இருந்த பொட்டலில் சின்னவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டு, தூங்குகிறவர்களை எழுப்ப வேண்டாமென்று வெளியிலேயே காத்திருக்கிற விருந்தாளி மாதிரி இருந்தாள். புல்லில் பனி இன்னும் காயவில்லை. பவுனுத்தாயி வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே ஓடி, "என்னங்க, வந்திருக்காங்க, எந்திரிங்க, சட்டையப் போடுங்க" என்றாள். சீனிச்சாமி எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்து, கையெடுத்துக் கும்பிட்டார். வந்த விதம் பிறகு ரயில்வே கேட் கீப்பர் சொல்லித்தான் தெரிந்தது. கூட்ஸ் வண்டி போகிற வரைக்கும் மலை கேட்டுக்கு அந்தப் பக்கமே பொறுமையாக நின்றதாம், திறந்ததும் தண்டவாளத்தில் ஒரு கல்கூட விழாமல் தாண்டியதாம்.

ஊர் பழகிக்கொண்டது. பழகாமல் என்ன செய்யும். கிராம நிர்வாக அலுவலர் வந்து, புறம்போக்கில் முக்கால், பட்டா நிலத்தில் கால் என்று அளந்துவிட்டு, மலைக்கு எந்தப் படிவம் என்று தெரியாமல் மாட்டுக்கொட்டகைப் படிவத்தில் எழுதிக்கொண்டு போனார். ஓடைத் தெருவுக்குச் சூரியன் அரை மணி நேரம் முன்னாலேயே மறைந்தது, அதனால் பிள்ளைகள் அரை மணி நேரம் முன்னாலேயே பள்ளிப் பாடத்தை முடித்துவிட்டதாகச் சொன்னார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு ஊர் மேகமெல்லாம் சின்னவளைப் பார்க்க வந்து, குசலம் விசாரித்துவிட்டு, ஒரு தூறல் போட்டுவிட்டுப் போயிற்று. காட்டெருமை ஒன்று தினமும் காலையில் இறங்கி வந்து பால் பூத் வரிசையில் நின்றது, யாரும் அதை முந்திப் போகவில்லை. கலியாண சீசனில் மாப்பிள்ளை வீட்டாருக்கு 'எங்க ஊரு மலை' என்று காட்டினார்கள். குழந்தைகள் அட்டையை வைத்துப் புல்லில் சறுக்கினார்கள், வைகாசி வெயிலில் பெண்கள் ஸ்வெட்டர் வாங்கினார்கள், ஒரு பஜ்ஜிக் கடையும் ஒரு சோளக் கடையும் முளைத்தன. மலைக்கு ஏறுகிற வழி பவுனுத்தாயி வீட்டு முற்றம் வழியாகத்தான். எல்லோரும் அவள் முற்றத்தைத் தாண்டித்தான் போனார்கள், தாண்டித்தான் வந்தார்கள். 'தண்ணி குடிச்சிட்டுப் போங்க' என்று அவள் செம்போடு நிற்பாள். 'இருக்கட்டும் பவுனு' என்று அவரவர் பாட்டிலைத் தூக்கிக் காட்டுவார்கள்.

அவளுக்கு அதைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை. விருந்தாளி வந்திருக்கிற வீடு. தினமும் மத்தியானம் மலையடியில் இருந்த தட்டைப் பாறையில் தலைவாழை இலை விரித்து, சோறும் குழம்பும் பொரியலும் வைத்துவிட்டு நிற்பாள். இலை போட்டதும் காற்று நின்றுவிடும், மேலே குரங்குகள்கூடச் சத்தம் போடாது. சின்னவள் எதையோ எதிர்பார்ப்பது பவுனுத்தாயிக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் மேலிருந்து நீளமாக ஒரு காற்று இறங்கி வரும், சோறு வைத்தபடி ஆறிப்போயிருக்கும்.

இருபதாம் நாள் மஞ்சக்கோம்பையிலிருந்து ஒரு மனிதர் தேடி வந்தார். பெயர் மரியலூயிஸ், அந்த ஊரில் தண்ணீர் திறந்துவிடுகிறவர். வால்வு திறக்கிற நீளமான இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்தபடியே நாலு மணி நேரம் பஸ்ஸில் வந்திருந்தார். அதை வீட்டில் வைத்துவிட்டு வர அவருக்கு மனசு வரவில்லையாம். சின்னவள் நின்ற இடத்தில் இப்போது வெறும் வானம் இருக்கிறது என்றார். அதையும் பார்க்கச் சனம் வருகிறது, 'சின்னவள் இருந்த இடம்' என்று போர்டுகூட வைத்துவிட்டார்கள், ஆனால் குழாயில் காற்றுதான் வருகிறது, பொம்பளைகள் ஏரியிலிருந்து குடம் தூக்குகிறார்கள், ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்கு வந்தவளுக்குச் சுடுதண்ணீர் வைக்கப் பக்கத்து வீட்டில் கடன் கேட்டோம் என்றார். ஒருத்தரையும் குறை சொல்லாமல்தான் சொன்னார். சொல்லிவிட்டு, பவுனுத்தாயி சோறு போட்டதும் உட்கார்ந்து, பசியோடு மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். அந்த வீட்டில் அப்படி ஒருவர் சாப்பிட்டுப் பார்த்ததில்லை, சீனிச்சாமி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு மூன்று பேரும் மலையேறினார்கள். பவுனுத்தாயி இத்தனை நாள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்ததெல்லாம் மரியலூயிஸ் காட்டியபோது மறைக்க முடியவில்லை. புல் நுனியிலிருந்து மஞ்சளாகிக்கொண்டிருந்தது. மரத்தில் இருந்த பாசியெல்லாம் கையில் தொட்டால் உதிர்ந்தது. தொடை மொத்தத்துக்குக் கொட்டிய ஊற்று விரல் மொத்தத்துக்கு வந்திருந்தது. அவள் தினமும் காலையில் இருபது குடம் சுமந்து அந்த மரங்களுக்கு ஊற்றியும் இந்தக் கதி. இன்னும் ஒரு மாதம் இந்த வெயிலில் இருந்தால் இவள் வெறும் பாறைக் கரடாகிப் போவாள் என்றார் மரியலூயிஸ். சாவியைப் பாறையில் ஊன்றிக்கொண்டு, வாம்மா, ஊருக்குப் போவோம் என்று சின்னவளைக் கூப்பிட்டுப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். மலை அசையவில்லை.

பவுனுத்தாயி பாறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "முப்பது வருஷத்துல நான் கூப்பிட்டு வந்தது இவ ஒருத்திதான். இவளையும் அனுப்பி வச்சிட்டு நான் யாரோட இருக்க?" என்று வாய்விட்டு அழுதாள். சீனிச்சாமி பக்கத்தில் உட்கார்ந்து அவள் அழுது முடிக்கிற வரைக்கும் இருந்தார். அழுது முடித்ததும் அவளே சொன்னாள், இவள் ஏன் போகவில்லை என்று எனக்குத் தெரியும் என்று. கூப்பிட்ட வீட்டில் கை நனைக்காமல் போனால் கூப்பிட்டவளுக்கு அவமானம், அதற்காக இருக்கிறாள். கை நனைக்காததற்குக் காரணமும் தெரியும். விருந்தாளியைத் தனியாக உட்கார வைத்தா இலை போடுவார்கள்? துணைக்கு நம் பக்கத்து ஆட்கள் நாலு பேர் உட்கார்ந்தால்தானே விருந்தாளி சோற்றில் கை வைக்க முடியும். தனிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது எப்படி இருக்கும் என்று அவளுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

சீனிச்சாமி, "தெருவையே கூப்பிட்டு ஒரு பந்தி போடு. அன்னைக்கு நான் மதுரைக்குப் போயிர்றேன் பவுனு. நான் இல்லேன்னா வருவாங்க" என்றார்.

"நீங்கதான் பரிமாறணும்" என்றாள் அவள்.

மறுநாள் தெருவில் இறங்கினாள். வெள்ளிக்கிழமை விருந்து, சின்னவளை அனுப்பி வைக்கிறோம், அங்கே ஊர் தண்ணீர் இல்லாமல் கிடக்கிறது, வாங்க என்றாள். அத்தனை வீட்டிலும் வர்றோம் என்றார்கள். வெள்ளிக்கிழமை ஒருத்தரும் வரவில்லை. பாறையில் ஓர் இலையும் வரிசையில் வீட்டுக்கொன்றாக இருபத்தேழு இலையும் காய்ந்து சுருண்டன, சின்னவளிடமிருந்து வந்த பெருமூச்சில் பஜ்ஜிக் கடைப் பந்தல் பறந்து போய்ப் பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. அன்று சாயங்காலம் ஊற்று நின்றது.

சனிக்கிழமை காலையில் பவுனுத்தாயி குளித்து, நல்ல சேலை கட்டி, மறுபடியும் இறங்கினாள். இந்தத் தடவை கூப்பிடும் முறையை மாற்றினாள். முதல் வீடு ஒச்சம்மா. தெருவிலேயே வாய் பெரியவள். குடிபுகுந்த அன்று 'உலை வை, இந்தா வந்துட்டேன்' என்று சொன்னவளும் அவள்தான். முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்து, பவுனுத்தாயி வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, நேற்று தலைவலி, இன்றைக்குக் கட்டாயம் வர்றேன் என்று ஆரம்பித்தாள்.

"வேணாம் மதினி" என்றாள் பவுனுத்தாயி. "வர்றேன்னு சொல்லாதீங்க. வர மாட்டேன்னு ஒரு வார்த்தை என் முகத்தைப் பாத்துச் சொல்லிருங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன். இலையைக் கொறச்சுப் போட்டுக்கிறேன். சோறு போடப்போறது அவருதான், அதையும் சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு வாசல்படியில் நின்றாள். ஒச்சம்மா வாயைத் திறந்தாள். எதிரே நின்று கூப்பிடுகிறவளிடம் வர மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு ஆத்தா கற்றுக்கொடுக்கவில்லை, ஆத்தாளுக்கு அவள் ஆத்தாளும் கற்றுக்கொடுக்கவில்லை. நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது. உள்ளே பால் பொங்கி அடுப்பு அணைந்த வாசனை வந்தது. உளுந்தைக் கீழே கொட்டினாள், பொறுக்கினாள், மறுபடி பார்த்தாள், பவுனுத்தாயி நின்றுகொண்டுதான் இருந்தாள். அடுத்த வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார் அதைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடப் பார்த்தார், 'அன்புடையீர்' என்பதற்கு மேல் பேனா ஓடவில்லை. அதற்கடுத்த வீட்டில் புருஷன் பெண்டாட்டியைச் சொல்லச் சொன்னான், அவள் அவனைச் சொல்லச் சொன்னாள், கடைசியில் இரண்டு பேரும் சட்டையும் சேலையும் மாற்றப் போனார்கள். இருபத்தேழு வாசலிலும் நின்றாள். ஒருத்தராலும் அந்தச் சொல்லைச் சொல்ல முடியவில்லை, சொல்ல முடியாததால் வரவேண்டியதாயிற்று.

மத்தியானம் பாறையிலிருந்து ஆரம்பித்து முற்றம் வரைக்கும் பந்தி உட்கார்ந்தது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. ஊருக்குத் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்ட மரியலூயிஸ் சாவியைச் சுவரில் சாத்திவிட்டுத் தண்ணீர் வைத்துக்கொண்டு போனார். சீனிச்சாமி சோற்று வாளியோடு வந்தார். முதலில் சின்னவள் இலைக்குப் போட்டார், அடுத்தது ஒச்சம்மா இலை. ஒச்சம்மா இலையைப் பார்க்கவில்லை, அந்தக் கையைப் பார்த்தாள். கிணற்றில் விழுந்த அவள் தம்பியை ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கியபோது, அவன் உயிரோடு இருந்தபோது வாருகிற மாதிரியே இடது பக்கம் வகிடு எடுத்து வாரியிருந்தது. யாரிடமும் கேட்காமல் எப்படித் தெரிந்தது என்று அவள் அன்றைக்கே கேட்க நினைத்தாள், கேட்கவில்லை, பதினெட்டு வருஷம் ஆயிற்று.

"இன்னும் கொஞ்சம் போடுங்கண்ணே" என்றாள் ஒச்சம்மா. பிசைந்து வாயில் வைத்தாள். வாத்தியார் அப்பளத்தை உடைத்தார். பிறகு வரிசை முழுக்கக் கைகள் இலைக்குப் போயின, கொஞ்ச நேரத்தில் யாரோ ரசம் கேட்டார்கள், யாரோ உப்பு கேட்டார்கள், சாதாரணப் பந்தியாகிவிட்டது. பாறையில் காற்று திரும்ப வீச ஆரம்பித்தது. எல்லோரும் மோர் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தபோது சின்னவள் இலையில் ஒரு பருக்கை இல்லை, நல்ல விருந்துக்கு மடிக்கிற மாதிரி தன் பக்கமாக மடித்திருந்தது.

மூன்று மணிக்கு மேகம் இறங்கியது, மலை கிளம்பியது. காட்டெருமையும் குரங்குகளும் அவசரமாக ஏறிக்கொண்டன, மரியலூயிஸும் ஏறி, சாவியைப் பிடித்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். பவுனுத்தாயி தெருமுனை வரைக்கும் கூடவே நடந்தாள். அனுப்பி வைக்கிறவள் சொல்லவேண்டியது ஒன்று உண்டு, அது அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் இவள் மற்றவர்கள் மாதிரி இல்லை, வா என்றால் வந்துவிடுவாள், வந்தால் காய்ந்து போவாள், அங்கே ஊர் குடத்தோடு நிற்கும். பவுனுத்தாயி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள். மலை ரொம்ப நேரம் தயங்கி நின்றது. கடைசியில் அவள் முந்தானையை எடுத்து, "பாத்துப் போத்தா" என்று மட்டும் சொன்னாள். மூன்றாம் நாள் மஞ்சக்கோம்பைக் குழாயில் தண்ணீர் வந்ததாக மரியலூயிஸ் போன் செய்தார்.

ஓடைத் தெரு பழையபடி ஆயிற்று. பொட்டல் பொட்டலாகவே கிடந்தது, சூரியன் அதன் நேரத்துக்கு மறைந்தது, முற்றத்தில் ஆள் நடமாட்டம் நின்றது. சனம் ஒரு நாளில் மாறிவிடும் என்று யார் சொன்னது. எதிரே பார்த்தால் 'ஒரு நாள் வர்றோம் பவுனு' என்றார்கள், அவளும் சரி என்றாள். அவள் மறுபடி யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிடுகிற தெம்பு அவளிடம் மிச்சமில்லை.

எட்டாம் நாள் மத்தியானம் இரண்டு பேருக்கு மட்டும் வடித்து, புருஷனுக்குத் தட்டு வைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் தட்டியது. ஒச்சம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, யாரும் வா என்று சொல்லாமல் உள்ளே வந்து, சீனிச்சாமிக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன கொழம்பு?" என்றாள்.